எந்தத் திடலில் ஆடுவான்?

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இனப்பற்று என்பதே இல்லை" என்னும் பேச்சு, ரவாங் கடைத்தெருவில் நாலு பெரியவர் கூடுமிடத்திலெல்லாம் காதில் விழுகிறது. எதைக் கொண்டு இவ்வாறு சொல்லுகிறீர்கள் என்று கேட்டால், அவர்கள் கால்பந்தைக் காட்டுகிறார்கள். காலில் சிறிது வித்தை உள்ள தமிழ்ப்பையன் எவனும் நம்மவர் நடத்தும் சங்கத்தை நாடுவதில்லையாம். அரசாங்கத்தின் விளையாட்டுப் பள்ளியும் மாநில இளைஞர் குழுவுமே அவன் கண்ணுக்குத் தெரிகின்றனவாம். நம் சங்கத்துக்கு வருகிறவன் வேறெங்கும் இடங் கிடைக்காதவனாம். இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நியாயமுடையது என்று பார்க்கவே இதனை எழுதுகிறேன். நான் பந்தாட்டத்தில் வல்லவனல்லன். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாயிருந்து, மாலைதோறும் திடலோரத்தில் நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து வந்தவன். என் தகுதி அவ்வளவே.

பழைய நிலையை முதலில் நினைவுகூர்தல் நன்று. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் கோலாலம்பூரில் விளையாட்டுச் சங்கங்கள் இனவாரியாகவே தோன்றின. வெள்ளைக்காரருக்குச் சிலாங்கூர் கிளப்பும் அதன் முன்னிருந்த புல்வெளியும். மலாய்க்காரருக்குச் சுல்தான் சுலைமான் கிளப். சீனருக்கு அவர்தம் சங்கம். நம்மவருக்கு 1914-ல் நிறுவப்பெற்ற தமிழர் உடற்பயிற்சிச் சங்கம். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு டி.பி.சி.ஏ. என்று சொன்னாலொழிய இச்சங்கம் இன்று பலருக்கு விளங்காது. அந்நாளில் ஒரு தமிழ் வாலிபன் எங்கே ஆடுவது என்று தயங்க வேண்டியதே இல்லை. அவனுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றே. ஒரே கதவு இருக்கும்போது அதன் வழியே நுழைகிறவனை இனப்பற்றுடையவன் என்று புகழ்வதில் என்ன பொருள் இருக்கிறது? 1921-ல் 'மலாயா' என்னும் போர்க்கப்பலார் அளித்த கிண்ணத்துக்காக மாநிலங்கள் மோதத் தொடங்கிய பின்னரே, பல இனத்தாரும் ஒரே சட்டையை அணிந்து சிலாங்கூருக்காக ஆடும் வழி மெல்ல மெல்லப் பிறந்தது.

நகரத்துக் கதை அது. தோட்டத்துக் கதை வேறு. என் தந்தையார் பால்மரம் வெட்டிய தோட்டம் ரவாங்குக்கு வடக்கே இருந்தது. லயத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு திடல். மழை பெய்தால் குளம், வெயில் காய்ந்தால் செம்மண் புழுதி. துரை ஆண்டுக்கு இரண்டு பந்து கொடுப்பார். கிராணியின் மகன் சப்பாத்து அணிந்து வருவான், மற்றவரெல்லாம் வெறுங்கால். காலையில் நாலரை மணிக்கு எழுந்து மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் ஐந்து மணிக்குத் திடலில் இறங்கினால், இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமற்போகும் வரை கரையேற மாட்டார்கள். திடலோரத்தில் தண்ணீர் குடிக்க வைத்த குவளைகளில் சாதி பார்த்தவர்கள், ஆட்டத்தின் நடுவே எவன் காலில் பந்தைக் கொடுப்பது என்பதில் மட்டும் சாதி பார்க்க முடியவில்லை. பார்த்தால் தோற்றுப்போவார்களே! நான் கண்ட முதல் சீர்திருத்தம் அதுவென்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அடுத்த தோட்டத்தாரோடு ஆட்டம் என்றால், லாரியில் ஏறிப் போவோம். வென்றால் பாட்டோடு திரும்புவோம், தோற்றால் நடுவரைத் திட்டிக்கொண்டு திரும்புவோம்.

அத்தகைய திடல்களிலிருந்தும் துறைமுகத்து லயங்களிலிருந்தும் ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்களே பின்னாளில் நாட்டின் பெயரைத் தாங்கி ஆடினர். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் எம். சந்திரன். 1953-ல் கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'சிலந்தி மனிதன்' என்று பேர்பெற்ற இலக்குக் காவலர். 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் நாம் வெண்கலம் பெற்ற குழுவில் இருந்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே நின்றவரும் அவரே. அரசியற் காரணத்தால் நம் நாடு மாஸ்கோவுக்குப் போகாமல் நின்றுவிட்டது. 1988 டிசம்பரில் கார் விபத்தில் அவர் மறைந்தபோது தமிழர் மட்டுமா அழுதார்கள்? இவர்களெல்லாம் சிலாங்கூர்ச் சட்டையும் மலேசியச் சட்டையும் அணிந்து ஆடியவர்கள். நம்மவர் சங்கத்தை விட்டுப் போய்விட்டார்கள் என்று அன்று ஒருவரும் வசைபாடவில்லை. மகன் பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனான் என்று பெருமையே பேசினார்கள். ஆறுமுகத்தைப் புகழ்ந்த அதே வாய், இன்று பதினைந்து வயதுப் பையனை ஏசுவானேன்?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதே கேள்வியை ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மைவிட உரக்கவும் கேட்கிறார்கள். ஒன்று சொல்லிவிட வேண்டும்: அந்நாட்டார் கால்பந்து என்பது நம் கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரிகளை முட்டித் தள்ளி ஓடுவதே அவர்கள் ஆட்டம். காலுக்கு அதில் வேலை சொற்பம். ஏன் அப்பெயர் என்பதை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த பின்னர், வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்திருந்த மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கெனக் கல்லூரிகள் எழுந்தன. ஏறத்தாழ நூறு இன்றும் நடைபெறுகின்றன. பல்லாண்டு காலம் அம்மக்களின் மிகச் சிறந்த ஆட்டக்காரரெல்லாம் அவற்றில்தான் ஆடினர். லூசியானா மாநிலத்தின் சிற்றூரொன்றில் உள்ள கிராம்பிளிங் கல்லூரியில் எடி ராபின்சன் என்பவர் 1941-ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று 1997 வரை இருந்து 408 ஆட்டங்களில் வெற்றி கண்டார். தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் எய்திய வால்டர் பேட்டன் ஜாக்சன் கல்லூரியில் ஆடியவர்; ஜெரி ரைஸ் மிசிசிப்பி வேலியில் ஆடியவர். 1988-ல் நாட்டின் முடிசூட்டு ஆட்டத்தில் குழுவை நடத்தி வெற்றி கொண்ட முதல் கறுப்பினத்தவரான டக் வில்லியம்ஸ், ராபின்சனின் மாணாக்கர்.

இக்கல்லூரிகளின் பொற்காலம் அநீதியின் நிழலில் விளைந்தது என்பதை மறைக்க இயலாது. கதவு திறந்தபோது நிலைமை மாறியது. 1970 செப்டம்பரில், கறுப்பின ஆட்டக்காரர் பலரைக் கொண்ட தெற்குக் கலிபோர்னியக் குழு, முழுதும் வெள்ளையராலான அலபாமாக் குழுவை அதன் மாநிலத்திலேயே 42-21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்காம் என்ற கறுப்பின இளைஞரை அன்று எவராலும் தடுத்து நிறுத்தக் கூடவில்லை. அந்த ஒரு மாலையில் தென்னாடே மாறிவிட்டதென்று கதை கட்டுவார் உளர். கதை இனிமையாயிருக்கிறது, ஆயினும் அலபாமாவே அதற்கு முன்பே ஒரு கறுப்பின மாணவனைச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் பெரிய குழுவில் ஆடலாகாது என்ற அக்கால விதியால் அவன் அன்று களத்தில் இல்லை. எப்படியாயினும், பிறகு சிறந்த பிள்ளைகள் பணக்காரப் பல்கலைக்கழகங்களை நோக்கி நடந்தார்கள். அங்கே பெரிய அரங்கு, தொலைக்காட்சி, மருத்துவர், நல்ல உணவு, தொழில்முறைக் குழுக்களின் ஆள்தேடுவோர் எல்லாம் உண்டு. சொந்தக் கல்லூரிகளில் பாண்டு வாத்தியமும் பாசமும் இருந்தன. பல இடங்களில் புல் வெட்டக் காசில்லை.

2021 டிசம்பரில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. அவ்வாண்டில் பள்ளி முடிக்கும் ஆட்டக்காரருள் முதல்வனாக எண்ணப்பட்ட டிராவிஸ் ஹண்டர், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த வாக்கை விட்டு, கறுப்பினக் கல்லூரியான ஜாக்சனில் சேர்ந்தான். நாடே வாய்பிளந்தது. காலம் திரும்பிவிட்டது, இனிப் பிள்ளைகளெல்லாம் தாய்வீட்டுக்கு வருவார்கள் என்று எழுதியவர் பலர். அவனை ஈர்த்தவர் அங்கே பயிற்சியாளராயிருந்த டியான் சாண்டர்ஸ் என்னும் பழம்பெரும் ஆட்டக்காரர். 2022-ன் இறுதியில் அவர் கொலராடோப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பையனும் உடன் போனான். 2024-ல் கல்லூரி ஆட்டக்காரருக்குரிய மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்றபோது அவன் கொலராடோ மாணவன். பயிற்சியாளரைக் குறை கூறியோர் பலர். எனக்கு இதில் தெரிவது வேறு. அந்தப் பிள்ளை கல்லூரியின் பெயரையோ நிறத்தையோ தேர்ந்தெடுக்கவில்லை. தன்னை அறிந்து, தன் காலை அறிந்து, இன்னது கற்றுத்தருவேன் என்று சொன்ன மனிதரைத் தேர்ந்தெடுத்தான். அம்மனிதர் நின்ற இடம் அவனுக்குக் கல்லூரியாயிற்று.

இங்கும் அப்படியொரு விளக்கு எரிந்து அணைந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2017-ல் மலேசிய இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய குழு நாட்டின் இரண்டாம் பிரிவுப் போட்டியில் இடம்பெற்றது. 2019-ல் முதற்பிரிவுக்கு ஏறிற்று. ஏறும்போது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊரின் பெயரில் ஆடுவது தவறென்று நான் சொல்லேன், ஊரும் நம்முடையதுதானே. 2022-ஆம் ஆண்டு ஆட்டங்களோடு அது முதற்பிரிவை விட்டு விலகியது. ஆக ஆறு பருவங்கள். அந்த ஆறு பருவங்களில், ரவாங் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகள் மாரடோனா, மெஸ்ஸி என்பதோடு நம்மவர் சிலரின் பெயர்களையும் சொல்லி ஓடியதை நான் கேட்டேன். பிறகு அப்பெயர்கள் திடலில் ஒலிக்கவில்லை.

இனிப் பிள்ளைகளின் பக்கம் வருவோம். அவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்களிடம் பேசுவோர் சிலர். மாலை வேளைகளில் ஆட்டம் முடிந்து திடலோரத்து ஒட்டுக்கடையில் அவர்கள் ஐஸ் தண்ணீர் குடிக்கும்போது நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "நம் சங்கத்தில் ஆடினால் எங்களைப் பார்க்க யார் வருவார், ஐயா?" என்றான் ஒருவன். இதில் இனப்பற்றும் இல்லை, இனத்துரோகமும் இல்லை. கடை வைப்பவன் தெருவைப் பார்ப்பது போன்றது. இன்னொருவன், விடுதியில் தான் ஒருவனே தமிழனாயிருக்க நேருமென்று அஞ்சினான். மற்றொருவனின் தகப்பனார், பந்து சோறு போடாது, எஸ்.பி.எம். தேர்வுதான் சோறு போடும் என்று சப்பாத்தை அலமாரியில் பூட்டிவிட்டார்.

ஒருவன் சொன்னது மட்டும் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. மெலிந்த பையன், இடப்புறத்தில் ஆடுபவன், மாவட்டத் தெரிவுக்குப் போய்வந்தவன். "ஐயா, அங்கே போனால் நான் தமிழன். நம் குழுவில் ஆடும்போதுதான் நான் இடப்புற ஆட்டக்காரன்" என்றான். இனச்சங்கம் என்றால் இனத்தை எந்நேரமும் நினைவூட்டுவது என்றுதான் மேடைப் பேச்சாளர் எண்ணுகிறார். அப்பையனோ அதை மறந்திருக்கக் கூடிய ஓரிடத்தைத் தேடுகிறான். தவறு செய்தால் "இவர்களே இப்படித்தான்" என்று எவரும் சொல்லாத இடம். ஒரு பந்தைத் தவறவிட்டால் ஒரு பந்தை மட்டுமே தவறவிட்டவனாக இருக்கக்கூடிய இடம். கறுப்பினக் கல்லூரிகளை விரும்பித் தேர்ந்த பிள்ளைகளும் ஏறக்குறைய இதையே காரணமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நம் சங்கங்களிடம் விலையுயர்ந்த சரக்கு ஒன்று உண்டென்றால் அது இதுவே. ஆனால் அதை விற்கத் தெரியாமல், "நீ தமிழன், ஆகையால் வா" என்று கூவுகிறோம்.

என் தங்கை மகனின் காரியத்தில் இவையெல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றன. அவன் மூன்றாம் படிவத்தில் படிக்கையில் ஒரே மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று தூரத்திலுள்ள அரசாங்கப் பயிற்சிக்கூடம். விடுதியும் உணவும் படிப்பும் இலவசம். மற்றொன்று கிள்ளானில் நம்மவர் நடத்தும் சிறு சங்கம். தங்கை, பிள்ளை கண்ணுக்கெதிரே இருக்க வேண்டுமென்றாள். லாரி ஓட்டும் மைத்துனர், இலவசமாகச் சோறும் படிப்பும் கொடுக்கிறவனை விட்டுவிட்டு வேறெங்கே போவது என்றார். "அண்ணே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று தங்கை என் தலையில் வைத்தாள். தாய்மாமன் பதவி அப்படிப்பட்டது.

நான் பையனையே கேட்டேன். "மாமா, கிள்ளான்காரர்களைப் பார்த்துப் பேசிவிட்டுச் சொல்லுகிறேன்" என்றான். ஒரு சனிக்கிழமை கொம்யூட்டர் ரயிலேறிப் போனோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். சங்கச் செயலாளர் நல்லவர். தம் சொந்தப் பணத்தில் பந்தும் வலையும் வாங்கிப் போடுகிறவர். மற்றச் சங்கங்களில் தலைவர் மூவரும் பந்து ஒன்றும் இருக்கக் காண்கிறோம். அங்கே தலைவர் ஒருவர், பந்து இருபது. தேநீர் வந்தது. பையன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தான். நான்கு கேள்விகள் எழுதியிருந்தான். வாரம் மூன்று நாள் ரவாங்கிலிருந்து வந்துபோக வழிச்செலவு யார் தருவார்? முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? தேர்வு ஆண்டில் பாடம் விட்டுப்போனால் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டா? நான்காவது: இந்தச் சங்கம் அடுத்த ஆண்டும் இருக்குமா?

செயலாளர் கோபங்கொள்ளவில்லை. வழிச்செலவுக்குப் பார்க்கலாம் என்றார். மருத்துவத்துக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார். பாடம் பற்றிய கேள்விக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் தலையசைத்தேன். நான்காம் கேள்விக்கு அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கொடுப்பேன் என்று சொல்ல வாயுள்ளவர்தாம். ஆனால் பொய் சொல்ல மனமில்லாதவர். அக்கேள்வியைப் பிள்ளை எங்கிருந்து கற்றான் என்று நான் வியக்கவில்லை. 2022-ல் அவனும் தொலைக்காட்சி பார்த்தவன்தானே.

அவன் அரசாங்கப் பயிற்சிக்கூடத்துக்கே போனான். முதலாண்டு பாதி ஆட்டங்களுக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். இரவில் தாயிடம் தொலைபேசியில் பேசும்போது, சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்வான். அவள் அதைக் கேட்டு அழுவாள். இரண்டாம் ஆண்டில் இடம் நிலைத்தது. அவன் மலாய்த் தோழன் ஒருவன் தீபாவளிக்கு ரவாங் வந்து, எங்கள் வீட்டில் முறுக்கைத் தின்று தீர்த்துவிட்டுப் போனான். பிள்ளைக்கு நல்ல வழி கிடைத்ததென்றே கருதுகிறேன். கடைத்தெருப் பெரியவர்கள் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், "ஆசிரியரே தம் வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டாரே" என்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சென்ற ஆண்டு எந்தச் சங்கத்துக்கு எத்தனை வெள்ளி சந்தா கொடுத்தீர்கள்? பேச்சு உடனே விலைவாசிக்குத் தாவிவிடும்.

ரவாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களிற் பல தாமான்களாகிவிட்டன. லயமும் போயிற்று, திடலும் போயிற்று. துரை கொடுத்த இரண்டு பந்தை இனி யாரும் கொடுக்கப் போவதில்லை. பயிற்சிக்கூடங்கள் தெரிந்தெடுப்பது சிலரையே. பதினைந்தாம் வயதில் குள்ளமாயிருந்து பதினெட்டில் வளர்கிறவன், தெரிவு நாளன்று காய்ச்சலாய்க் கிடந்தவன், வண்டி வசதி இல்லாதவன் ஆகியோர் எங்கே போவார்கள்? அவர்களுக்காகவே நம் சங்கம் வேண்டும். அமெரிக்காவில் ஜெரி ரைஸைப் பெரிய பல்கலைக்கழகங்கள் பள்ளிநாளில் பொருட்படுத்தவில்லை. சிறு கல்லூரி எடுத்துக்கொண்டது.

கிள்ளான் செயலாளர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சென்ற மாதம் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். தாளை எடுத்து நான்கு கேள்விகளையும் அப்படியே படித்தார். வழிச்செலவுக்குத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வியாபாரிகள் அங்கேயே பணம் கட்டினார்கள். மருத்துவச் செலவுக்குக் காப்புறுதி விசாரிக்க மூவர் குழு அமைந்தது. சனிக்கிழமைப் பாடம் என் பொறுப்பாயிற்று. நான்காம் கேள்வி வந்ததும் முதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, ஆண்டுக் கூட்டத்தில் இப்படியொரு வார்த்தை அபசகுனம், குறிப்பேட்டில் ஏற வேண்டாம் என்றார். செயலாளர் அதற்கு இணங்கவில்லை. பையன் எழுதியபடியே, வினாக்குறியோடு, அது ஏறியிருக்கிறது.